புளி போட்டு விளக்கிய செம்புப் பட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் என்னைப் 'பட்டாசு' என்று சொல்வது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே பதினெட்டு வருஷமாக இருந்துவருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீட்டில் நான் கத்துவதற்கு இருக்கிற ஒரே ஆள் என் கணவர். அவர் பதிலுக்குக் கத்த மாட்டார், அதில் எனக்கு இன்னும் கோபம் வரும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்து யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் எங்கள் கே.கே. நகர் வீட்டில் ஓர் அறை காலியானது. அதைப் பூஜை அறையாக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் மேஜையைப் போட்டுவிட்டேன். முதலில் சின்ன வேலைதான். பழைய டிவியிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் விரல் நீளத்துக்கு ஒரு தீப்பொறி வரவைத்தேன். ஊதா நிறத்தில் சீறிக்கொண்டு அது பாய்ந்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் வெறும் கோடாக வரைந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நாற்பத்திமூன்று வயதில் ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து தீப்பொறியைப் பார்த்து அழுதாள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு கெப்பாசிட்டர் வந்தது. மின்தேக்கி என்று பாடப்புத்தகம் சொல்லும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீரைச் சேர்த்துவைப்பது போல அதில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கலாம். திறந்துவிட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும். என்னிடம் இருந்தது பழைய இயந்திரத்திலிருந்து எடுத்த பெரிய ரகம். எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி, தலையில் வெள்ளைப் பீங்கானில் இரண்டு முனைகள். தூக்கினால் ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும். அதில் நாலாயிரம் வோல்ட் ஏற்றி, முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி வழியாக விடுவேன். ஒற்றை வெடி வெடித்த சத்தத்தோடு கம்பி ஆவியாகிப் போகும். அடியில் வைத்த வெள்ளை அட்டையில் பச்சையும் பழுப்புமாக ஒரு கோலம் மிஞ்சும். ஒரு கோலம் போல இன்னொன்று வராது. அப்படி நூற்றுக்கும் மேலே என்னிடம் இருக்கின்றன.

அபாயம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இந்த வேலையில் கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேர் வாட்ஸப்பில் ஒரு குழுவாக இருக்கிறோம். விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். முடிந்ததும் பிளாஸ்டிக் பிடி போட்ட கம்பியால் இரண்டு முனைகளையும் இணைத்து மிச்சத்தைக் கொட்டு. யாராவது அடிபட்டு விழுந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்து, பிறகு ஆளைத் தொடு. இன்னொரு விதியும் உண்டு. பெரிய கெப்பாசிட்டரைக் காலி செய்த பிறகும் நம்பக் கூடாது. துண்டை எவ்வளவு இறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் நுனியில் சொட்டும் இல்லையா? அதே மாதிரி உள்ளே ஊறிக் கிடக்கும் மின்சாரம், யாரும் ஏற்றாமலேயே முனைகளுக்குத் திரும்பி வரும். அதனால் இரண்டு முனைகளையும் ஒரு செம்புப் பட்டையால் எப்போதும் இணைத்தே வைத்திருக்க வேண்டும். பட்டை இருக்கும்வரை ஊறுவது ஊற ஊற வடிந்துவிடும்.

அந்தப் பட்டை எதற்கு என்று என் கணவரிடம் நான் சொன்னதே இல்லை. நாற்பது பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்கிறவள், வீட்டில் இருக்கிற ஒரு ஆளுக்குச் சொல்லவில்லை.

அவருடைய அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கம் நெல் விவசாயம். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அப்பா இல்லாத குடும்பத்தில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் எங்கள் வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. போன வருஷம் என் ஆள்காட்டி விரல் நுனி தீப்பொறியில் கருகியது. அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாளே வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, கையி காலு நல்லா இருக்கது ஒனக்குப் பிடிக்கலையா?"

"சின்னக் காயந்தான் அத்தான்."

"இன்னைக்குச் சின்னது. அந்தப் பெட்டியில இனிமே கரண்ட் ஏத்துவியா?"

"ஏத்த மாட்டேன்."

"ஏத்துனா?"

"நீங்களே வந்து மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருங்க."

எந்த நேரத்தில் சொன்னேனோ. மூன்று வாரம் சும்மா இருந்தேன். நாலாவது வாரம் ஆரம்பித்துவிட்டேன். என் கணவருக்குத் தெரியும். அண்ணன் போனில் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் மூட்ட கட்டி வச்சாச்சுண்ணே" என்று எனக்காகச் சொன்னார். அந்த மனிதருக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். போனில் காது தெரியாது என்பதால் தப்பித்தோம்.

இந்த வருஷ ஆயுதபூஜை அன்றைக்கு நடந்ததுதான் விஷயம். எங்கள் வீட்டில் அந்தப் பூஜை அவருடையது. நான் சுண்டல் தாளிப்பதோடு சரி. ஸ்கூட்டர், மிக்சி, சைக்கிள் பம்பு, என் லேப்டாப், அரிவாள்மனை, ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அதில் அவர் கறார். மற்ற எல்லாவற்றிலும் என் இஷ்டம், இது ஒன்றில் மட்டும் அவர் இஷ்டம்.

எனக்கு என்ன அவசரம் என்றால், நல்ல அட்டை ஒன்று தயாராக இருந்தது. இன்றைக்கு விட்டால் நாளை சாயங்காலம்தான். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. காலை எட்டு மணிக்கே அறைக்குள் போனேன். துடைக்கிற துணியோடு அவர் வாசலில் நின்றார்.

"இந்தா, ஒண்ணே ஒண்ணுங்க. முடிச்சுட்டுத் தாரேன்."

"சீக்கிரம் முடி தாயி. அண்ணே பத்து மணிக்கு வந்துருவாக."

ஏற்றினேன், வெடிக்கவைத்தேன். வந்த கோலம் அவ்வளவு அழகாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். கம்பியால் மிச்சத்தைக் கொட்டினேன். பட்டையை இரண்டு முனைகளுக்கும் நடுவே மாட்டினேன். எல்லாம் விதிப்படி. வெளியே வரும்போது அவர் கேட்டார்.

"இதத் தொடலாமா? கரண்டு கிரண்டு இருக்காதுல்ல?"

"இல்லங்க, அது செத்துப் போச்சு. நல்லாத் தொடைங்க."

சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் பெட்டியைத் துடைத்திருக்கிறார். பீங்கானைத் துடைத்திருக்கிறார். நடுவில் கறுத்துப்போன ஒரு செம்புப் பட்டை. வருஷத்துக்கு ஒரு நாள் பூஜைக்கு வைக்கிற சாமான் இப்படிக் கறுத்தா இருப்பது என்று தோன்றியிருக்கும். கழற்றி, குத்துவிளக்கோடும் பஞ்சபாத்திரத்தோடும் சேர்த்துப் புளி போட்டு விளக்கிக் கொல்லையில் வெயிலில் காயவைத்துவிட்டார். எனக்குச் செய்கிற மரியாதையாகத்தான் செய்தார். கடலைப்பருப்பு களைந்த தண்ணீரைக் கொட்ட நான் கொல்லைக்குப் போனேன். சாமான்களுக்கு நடுவே செம்பு நிறத்தில் எதுவோ பளபளவென்று இருந்தது. பார்த்தேன். பஞ்சபாத்திரத்தில் போடுகிற உத்தரணி என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அந்தப் பட்டையைப் பளபளப்பாக நான் பார்த்ததே இல்லை.

ஸ்கூட்டருக்கும் அடுப்படிச் சாமான்களுக்கும் பொட்டு வைத்து முடித்து அவர் அந்த அறைக்குப் போனபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரியத்தான் வந்து கேட்டில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி கொஞ்சம் ஆடும். ஆடாமல் இருக்க இடது கையால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலில் ஈரச் சந்தனத்தை எடுத்து மற்ற முனையில் வைத்திருக்கிறார். வெடிச் சத்தமே இல்லை. நாற்காலி சாய்கிற சத்தமும், அவர் 'அம்மா' என்றதும்தான் கேட்டது.

ஓடினேன். சுவரோரம் மல்லாந்து கிடந்தார். இடது மணிக்கட்டு கோணலாக மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னையே பார்த்தது. நான் அவரைத் தாண்டிப் போய், கம்பியை எடுத்து, இரண்டு முனைகளிலும் வைத்தேன். டிக் என்று சின்னதாக ஒரு பொறி வந்தது. அதன் பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விதி அதுதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

மூச்சு இருந்தது, பேச்சும் வந்தது. பெரியத்தான் உள்ளே ஓடிவருகிற காலடி கேட்டதும் அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஸ்டூல்ல இருந்து விழுந்தேன். சரியா?" என்றார். உதடு வெளுத்திருந்தது.

பெரியத்தான் காரில்தான் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பண்டிகை நாள், கூட்டம் அதிகமில்லை. அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும்.

"என்னாச்சு சார்?"

"பரண்ல இருந்த சாமான எடுக்க ஸ்டூல்ல ஏறுனேன். வழுக்கிருச்சு." காது சிவந்திருந்தது.

"மயக்கம் வந்துச்சா? தலையில அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. கையி மட்டுந்தான்."

டாக்டர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் சொல்வதை மனைவி திருத்துவாள் என்று எதிர்பார்க்கிற பார்வை. பெரியத்தான் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன். கைக்குக் கட்டை வைத்துக் கட்டி எக்ஸ்ரேக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் நடுவில் இருப்பது நெஞ்சு. அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் இதயத்துடிப்பு தடம் மாறியிருக்கலாம், உடனே ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். இதைப் பாதுகாப்பு வாரத்தில் மைக் பிடித்துப் பள்ளி முழுக்கச் சொன்னவள் நான். ஸ்டூலிலிருந்து விழுந்தவருக்கு யார் ஈசிஜி எடுப்பார்கள்?

எக்ஸ்ரே அறை வாசலில் இரும்பு பெஞ்சு. முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். சுவரில் கடிகாரம். பதினொன்று பத்துக்கு உட்கார்ந்தோம். அவர் நடுவில், நான் ஒரு பக்கம், பெரியத்தான் மறுபக்கம்.

"வீட்ல ஒரு ஏணி வாங்கி வைங்கடான்னா கேக்குறீங்களா?" என்று பெரியத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "வாங்கிருவோம்ணே" என்றார் இவர். சொல்லிவிட்டு, நல்ல கையால் நெஞ்சைத் தடவினார்.

பார்த்தேன். பதினொன்று இருபது ஆயிற்று. சேலை மடிப்பைச் சரிசெய்வது போல அவருடைய கையை என் மடியில் எடுத்து வைத்து நாடியைப் பிடித்தேன். ஒழுங்காக வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அப்புறம் ஒன்று வரவில்லை. ஒரு துடிப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு அடுத்தது பலமாக வந்தது. பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி எண்ணினேன். இருபத்தி ஒன்றில் தவறியது.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இவரையும் கூப்பிட்டார்கள், உள்ளே போய்விட்டு வந்து உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "புழுக்கமா இருக்கு" என்றார். மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தேன். நல்ல மனைவி மாதிரி துடைத்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி நாடியைப் பிடித்தேன். இந்த முறை அடுத்தடுத்து இரண்டு தவறின. எழுந்து நடந்தேன். பெரியத்தான், "எங்கம்மா?" என்றார். பதில் சொல்லாமல் அவசரப் பிரிவுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அவரு ஸ்டூல்ல இருந்து விழுகல. கெப்பாசிட்டர் ஷாக். கைக்குக் கை. நாடி விட்டுவிட்டு அடிக்குது" என்றேன். என் குரல் வகுப்பில் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் வந்தது. பின்னாலேயே வந்து பெரியத்தான் கதவோரம் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

டாக்டர் ஓடினார். ஓடிக்கொண்டே, "இத ஏன் மேடம் மொதல்லயே சொல்லல?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது, சட்டையைக் கழற்றி நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். துடிப்பு இடையிடையே தவறுகிறது, ஒரு நாள் மானிட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன்.

பெரியத்தான் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்து வருவதாகச் சொன்னார்.

"அந்த ரூமுக்குள்ள போயிராதீங்க அத்தான்."

"எனக்கு உசிரு மேல ஆச இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை துடிப்பு சீராகிவிட்டது. மாத்திரை எழுதிக்கொடுத்து, மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்றார் பெரிய டாக்டர். பெரியத்தான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாய்க்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

"நான் விழுந்து கெடக்கேன். நீ என்னையத் தாண்டிப் போயி அந்தப் பெட்டிக்கிட்டதான் போன."

"அது ரூல்ங்க. அத அணைக்காம உங்களத் தொட்டா..."

"தெரியும். அத நான் குத்தமாச் சொல்லல. அது ரூலு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "எக்ஸ்ரே ரூம் வாசல்ல என்ன ரூலு?"

கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தேன்.

"நான் பொய் சொன்னது ஒனக்காகத்தான். அண்ணே ஒன்னைய ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னுதான். என் நெஞ்சுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். கையப் பிடிச்சு எண்ணுன, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எண்ணிட்டும் பேசாம இருந்த. அம்புட்டு நேரம் என்னத்த நெனச்சுக்கிட்டு இருந்த?"

பயந்துபோய்விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். இருபது வருஷமாக நான் சொன்ன எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை. தொடலாம் என்று சொன்னதையும் நம்பித்தான் அங்கே ஒயர்களோடு படுத்திருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"ரூமை" என்றேன். "சொன்னா அத்தான் வந்து எல்லாத்தையும் அள்ளிருவாகன்னு."

"என்னைய நெனைக்கல?"

"நெனச்சேன். ரெண்டாவதா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மானிட்டரில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ விஜயதசமிப் பொரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பொழச்சுக்கிட்டேன். அதுனால எங்கிட்டச் சொல்ற" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "போயிருந்தா இத யாருகிட்டச் சொல்லிருப்ப?"

பெரியத்தான் மருந்துப் பையோடு வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லிருக்க மாட்டேன்."